வெளியேறிய மனைவிகள்: 1930களின் சமூகப் படங்களும் இந்துத் திருமணச் சட்டமும்

1936 முதல் 1939 வரையிலான நான்கு ஆண்டுகளில் பம்பாயிலும் புனேயிலும் சென்னையிலும் உருவான சமூகப் படங்களில் நான்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கதைகளைவிட அவற்றின் முடிவுகள்தாம் முதலில் கண்ணில் படுகின்றன. ‘அச்சுத் கன்யா’வின் கஸ்தூரி ரயிலில் அடிபட்டு இறக்கிறாள். ‘குங்கூ’வின் நீராவுக்கு விடுதலை கிடைப்பதற்காக அவளுடைய முதிய கணவர் தற்கொலை செய்துகொள்கிறார். ‘சேவாசதனம்’ படத்தின் சுமதி பெண்களுக்கான தொண்டு இல்லமொன்றில் எஞ்சிய வாழ்வைக் கழிக்கிறாள். ‘தியாகபூமி’யின் சாவித்திரி சிறைக்குப் போகிறாள். பிறர் முடிவுசெய்த மணத்துக்குள் தள்ளப்பட்ட இந்த நால்வரில், கணவனைச் சட்டப்படி பிரிந்து தன் விருப்பப்படி வேறொரு வாழ்வைத் தொடங்கியவளாகத் திரையில் ஒருத்தியும் காட்டப்படவில்லை.

இதற்கு இயக்குநர்களின் துணிவின்மையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. இடைவேளைவரை புரட்சி, அதற்குப் பிறகு சமரசம் என்று இந்தப் படங்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அன்றைய இந்துத் திருமணச் சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு இதே படங்களைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. கதாசிரியர்கள் தம் நாயகிகளைச் சட்டம் திறந்துவைத்திருந்த வாசல்கள் வழியாகவே வெளியே அனுப்பினார்கள். அவ்வாசல்கள் மிகக் குறைவு. எந்த முடிவு ஏன் அமைந்தது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அங்கே கிடைக்கிறது.

அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இந்துத் திருமணம் பிரிக்க முடியாத சடங்குப் பிணைப்பாகக் கருதப்பட்டது. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் கணவனை இழந்தவள் மீண்டும் மணந்துகொள்வதை ஏற்றது. ஆனால் அப்படி மணந்தால் முதல் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை போய்விடும். 1929இல் நிறைவேறி மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணுக்குக் குறைந்தபட்ச மணவயது 14 என்றும் ஆணுக்கு 18 என்றும் வரையறுத்தது. மணமகனின் வயதுக்கு மேல்வரம்பு எதையும் அது விதிக்கவில்லை. விவாகரத்து என்பதே கிடையாது. கோலாப்பூர் சமஸ்தானம் 1920இலும் பரோடா சமஸ்தானம் 1931இலும் அதற்கு இடமளித்தன. சமஸ்தான எல்லைக்கு வெளியே அவை செல்லாது. ஆணோ, முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே மறுமணம் செய்துகொள்ளலாம். போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்திலிருந்து இறக்குமதியான ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்னும் வழக்குமுறையும் இருந்தது. சேர்ந்து வாழ மறுக்கும் மனைவியைத் தன்னிடம் வந்து சேரும்படி உத்தரவிடக் கோரி, கணவன் அதன்படி நீதிமன்றம் செல்லலாம்.

இந்த வழக்குமுறையின் கூர்மையை நாடு முழுவதற்கும் உணர்த்தியது பம்பாயின் ருக்மாபாய் வழக்கு. பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்டு, பிறகு கணவன் வீட்டுக்குச் செல்ல மறுத்த ருக்மாபாய்மீது, கணவர் தாதாஜி பிகாஜி 1884இல் வழக்குத் தொடுத்தார். முதல் தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல், கணவனிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று உத்தரவாயிற்று. சிறைக்கே போகிறேன் என்று நின்றார் அவர். மறு ஆண்டு தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டார். கணவன் பணம் பெற்று மனைவியை விட்டுக்கொடுத்தான் என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு தமிழ்த் திரையில் ஒரு நீதிமன்றக் காட்சியில் இதன் சாயல் தென்படுகிறது. 1923இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இத்தகைய உத்தரவை மீறுபவருக்குச் சிறை என்ற பகுதி நீக்கப்பட்டது. சொத்தைப் பறிமுதல் செய்யும் வழி அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டச்சிறை எல்லாச் சாதியினருக்கும் ஒரேமாதிரி இருக்கவில்லை. தமிழகத்தின் பல சாதிகளில் பஞ்சாயத்துக் கூடி மணத்தைத் தீர்த்துவிடுவதும், தாலியை அறுத்துவிட்டு வேறொருவரை மணக்கும் அறுத்துக்கட்டுவதும் வழக்கமாக இருந்தன. அத்தகைய வழக்காறுகளை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. ஆகவே ‘பெண்ணின் பிரச்சினை’ என்று அந்நாளைய சமூகப் படங்கள் எடுத்துப் பேசியவற்றில் பெரும்பகுதி, மறுமணத்துக்கு வழியில்லாத பிராமண, மேல்சாதிக் குடும்பங்களின் பிரச்சினை. படமெடுத்தவர்களும், மூலக்கதை எழுதியவர்களும், அவற்றைத் தொடராக வெளியிட்ட பத்திரிகைகளின் வாசகர்களும் பெரும்பாலும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அது இயல்பாகவே நடந்தது. தம் சாதியின் கதையையே இந்தியப் பெண்ணின் கதையாக அவர்கள் நம்பினார்கள்.

திரையில் பெண் தோன்றுவதே ஒரு சமூகப் பிரச்சினையாக இருந்த காலத்திலிருந்து சினிமா அப்போது வெகுதூரம் வந்திருக்கவில்லை. 1913இல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது நடிக்கப் பெண்கள் கிடைக்காமல், உணவகத்தில் சமையல் வேலை செய்த அண்ணா சாளுங்கேயைத் தாராமதியாக்கினார். அதே ஆண்டில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் பால்கேயின் அடுத்த படத்தில் நடித்தார்கள் என்றாலும், மௌனப்பட யுகம் முழுவதும் முன்னணி நாயகிகளில் பலர் யூத, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தே வந்தனர். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழுவின் முன்னும் ‘குடும்பப் பெண்கள்’ ஏன் நடிக்க வருவதில்லை என்ற கேள்வி எழுந்தது. 1931இல் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமியே சிறுவயதில் மணமுடிக்கப்பட்டு, அம்மணம் நிலைக்காமல் நாடக மேடைக்கு வந்தவர். 1936இல் தாம் எழுதிய கதையையே ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் அவர் இயக்கினார். நொறுங்கிய மணத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண் என்ன செய்யலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கை தந்த விடை, அன்று எடுக்கப்பட்ட பெரும்பாலான சமூகப் படங்களின் விடையைவிடத் தாராளமானது.

இந்த நான்கில் சட்டத்தோடு நேருக்குநேர் மோதுவது வி. சாந்தாராம் 1937இல் பிரபாத் நிறுவனத்துக்காக எடுத்த ‘குங்கூ’. இந்தியில் ‘துனியா ந மானே’. நாராயண ஹரி ஆப்தேயின் மராத்தி நாவல்தான் மூலம். தாய்தந்தையற்ற நீராவை அவளுடைய மாமா ஏமாற்றி ஒரு முதிய விதுரருக்கு (மனைவியை இழந்தவருக்கு) மணமுடித்துவிடுகிறார். மணமகன் காகாசாகேப் வழக்கறிஞர். அவருடைய பிள்ளைகள் மணப்பெண்ணைவிட மூத்தவர்கள். சாந்தா ஆப்தே ஏற்ற நீரா அழுது தீர்க்கவில்லை. அவரைக் கணவராக ஏற்க முடியாது என்று சொல்லித் தன் அறைக்குள் அவர் வருவதைத் தடுத்துவிடுகிறாள். தன்னிடம் அத்துமீறிப் பேசும் மாற்றாள் மகனைப் பிரம்பால் அடிக்கிறாள். தானே சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய பழைய சுவர்க்கடிகாரமும் முகம்பார்க்கும் கண்ணாடியும் கிழவரின் முதுமையைத் திரும்பத் திரும்ப அவருக்கே காட்டிக்கொடுக்கின்றன. பின்னணி இசையே இல்லாமல், வீட்டின் இயல்பான ஓசைகளை மட்டும் கொண்டு சாந்தாராம் அந்த வீட்டின் இறுக்கத்தைக் கட்டியிருப்பது இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பூட்டுகிறது.

கதை எந்த இடத்தில் திணறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காகாசாகேப் மனம் மாறுகிறார். தாம் செய்தது அநீதி என்று உணர்கிறார். அவளை மகளாகக் கருதவும் தயாராகிறார். சாதாரண மெலோடிராமாவில் இவ்விடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இங்கே தீர்வதில்லை. கணவனும் மனைவியும் இருவருமே இந்த மணம் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்த பிறகும், மணத்தை முறிக்க 1937ஆம் ஆண்டின் புனேயில் வழி கிடையாது. சாரதா சட்டம் இவளைக் காப்பாற்றாது, ஏனெனில் அவள் பதினான்கைத் தாண்டியவள். தனியே போய்விட்டாலும் அவள் இன்னொருவனை மணக்க முடியாது. அவள் மறுமணம் செய்துகொள்ள இந்தியச் சட்டம் அனுமதிக்கும் ஒரே நிலை விதவைநிலை. வழக்கறிஞரான காகாசாகேப்புக்கு இது நன்றாகவே தெரியும். எனவே அவள் வேறு நல்வாழ்வு தேடிக்கொள்ளட்டும் என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். அந்தத் தற்கொலையை வெறும் உணர்ச்சிமிகு முடிவாகப் பார்ப்பவர்கள் 1856ஆம் ஆண்டுச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். கதையின் தருக்கப்படி, அவளுக்காக அவர் திறக்கக்கூடிய ஒரே சட்டபூர்வ வாசல் தம் மரணம்தான். பிரபாத் நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது கோலாப்பூரில். 1933இல்தான் புனேக்கு இடம்பெயர்ந்தது. விவாகரத்துக்கு இடமிருந்த சமஸ்தானத்தில் பிறந்த நிறுவனம், அதற்கு இடமில்லாத பிரிட்டிஷ் நகரத்துக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னது என்பது ஒரு சுவையான தற்செயல்.

அதே படத்தில் காகாசாகேப்பின் மகளாக, படித்துச் சமூகப் பணி செய்யும் சித்ராவாக வருபவர் சகுந்தலா பராஞ்சபே. திரைக்கு வெளியே குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் ஈடுபட்டவர் அவர். சாந்தா ஆப்தே நான்கு ஆண்டுகள் கழித்து, 1941இல், ‘சாவித்திரி’ என்ற தமிழ்ப் படத்தில் எமனிடமிருந்து கணவனை மீட்கும் பதிவிரதையாகத் தமிழில் பேசி நடித்தார். கணவனை மறுத்த நீராவும் கணவனை மீட்ட சாவித்திரியும் ஒரே நடிகையின் முகத்தில் சேர்ந்தது, சந்தையைப் பற்றி நிறையச் சொல்கிறது.

1936இல் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட ‘அச்சுத் கன்யா’வுக்கு வரும்போது என் மதிப்பீடு சற்றுக் கடுமையாகிறது. நிரஞ்சன் பால் எழுதி, ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய இந்தப் படத்தில், ரயில்வே கேட் காவலரின் மகளான தீண்டத்தகாத சாதிப் பெண் கஸ்தூரியும் பிராமண இளைஞன் பிரதாப்பும் காதலிக்கிறார்கள். புனே ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு ஆண்டுகள், காந்தியின் ஹரிஜன யாத்திரை முடிந்து இரண்டு ஆண்டுகள் என்ற சூழலில் இந்தக் கருவே துணிச்சலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவருக்கும் அவரவர் சாதியிலேயே மணம் நடந்துவிடுகிறது. கடைசியில் பிரதாப்பும் கஸ்தூரியின் கணவன் மனுவும் ரயில்பாதையருகே மோதிக்கொள்ள, ரயிலை நிறுத்தப் போன கஸ்தூரி அதில் சிக்கி இறக்கிறாள். படம் தொடங்குவதே அவளுக்கு எழுப்பப்பட்ட நினைவிடத்தின் அருகில்தான்; அதாவது அவள் உயிரோடு பேசத் தொடங்கும் முன்பே பார்வையாளருக்கு அவள் வணங்கத்தக்கவளாகிவிடுகிறாள். இந்த நான்கு நாயகிகளில் தலித் பெண் இவள் ஒருத்தியே. சாகவேண்டியிருந்தவளும் இவள் ஒருத்தியே. அவளை நடித்தவர் தாகூர் குடும்ப உறவினரும் லண்டனில் பயின்றவருமான தேவிகா ராணி. கிராமத்துப் பெண்ணின் புருவம் அவ்வளவு நேர்த்தியாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மனுவின் முதல் மனைவியும் கதையில் உயிரோடிருக்கிறாள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஆணுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட இருதார மணம் படம் முழுவதும் ஒரு கேள்விகூட எழுப்பப்படாமல் கடந்துபோவது தெரியும்.

தென்னிந்தியாவில் இதே ஆண்டுகளில் விதவைநிலை, வரதட்சணை, தீண்டாமை ஆகியவை வேகமாகத் திரைக்கு வந்தன. கே. சுப்பிரமணியம் 1937இல் எடுத்த ‘பாலயோகினி’யில் வீடிழந்த பிராமண விதவைக்குத் தாழ்த்தப்பட்ட சாதி வேலைக்காரரின் குடிசை அடைக்கலம் தருகிறது, அதில் உண்மையான பிராமண விதவை ஒருவரையே நடிக்கவைத்ததற்காக இயக்குநர் சாதிவிலக்குக்கு ஆளானார் என்று திரை வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்துள்ளனர். தெலுங்கில் 1938இல் ‘மாலபில்ல’யும், பானுமதி அறிமுகமான ‘வரவிக்ரயம்’ 1939இலும் வந்தன.

1938இல் வந்த ‘சேவாசதனம்’ எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம். பிரேம்சந்தின் நாவலை எஸ். அம்புஜம்மாள் தமிழாக்கி, அது ஆனந்த விகடனில் தொடராக வந்த பிறகு கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கினார். மூல நாவலில், மகளின் வரதட்சணைக்காக நேர்மையான காவல் அதிகாரி லஞ்சம் வாங்கிச் சிறைசெல்கிறார். மகள் ஏழை விதுரர் ஒருவருக்கு மனைவியாகிறாள். ஒரு நள்ளிரவில் அறிமுகமான வீட்டின் விருந்திலிருந்து தாமதமாகத் திரும்பியதற்காகக் கணவன் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் போய்ச் சேருமிடம் காசியின் கணிகையர் தெரு. அங்கேயும் அவள் பாடுகிறாள், ஆடுகிறாள். ‘கெட்டுப்போக’ மட்டும் இல்லை. கற்பு குலையாமல் கணிகையர் தெருவில் வாழ்ந்தாள் என்ற இந்த ஏற்பாடு இன்றைய வாசகருக்குச் செயற்கையாகத் தோன்றலாம். அன்றைய சட்டத்தின் நிபந்தனையும் அதுவேதான். கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கோரக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு இடமளித்தது. அவள் வேறொருவனோடு வாழ்கிறாள் என்று நிறுவப்பட்டால் அந்த உரிமை இல்லை. கதாசிரியரும் நீதிபதியும் பார்வையாளரும் இரங்கத்தக்கவள் யார் என்பதை ஒரே அளவுகோலால்தான் முடிவுசெய்தார்கள்.

இறுதியில் அவள் அடையும் ‘சேவாசதனம்’ கற்பனை நிறுவனமாகத் தமிழ்ப் பார்வையாளருக்குத் தோன்றியிருக்காது. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதியையும், முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லத்தையும், 1928இல் ஏற்பட்ட சென்னை சேவா சதனத்தையும் அவர்கள் அறிவார்கள். கணவனோடும் வாழ முடியாமல் மறுமணமும் செய்ய முடியாமல் நின்ற பெண்ணுக்குச் சென்னை நகரம் உண்மையாகவே தரக்கூடிய இடம் அத்தகைய இல்லம்தான். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி போராடிய சில ஆண்டுகளுக்குப் பிறகு, இசையையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மதுரைக் குடும்பத்திலிருந்து வந்த பாடகி, பொதுமேடையில் பாடியதால் இழிவுபடும் பிராமண மனைவியாக நடித்தார் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. படம் அதைத் தொடாமல் விலகிச் செல்கிறது.

‘தியாகபூமி’ இவ்வரிசையில் கடைசியாக வந்தது. தைரியத்தில் முதலாவது என்றே சொல்வேன். கல்கியின் கதை, படத்தின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்துகொண்டிருந்தபோதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கி 1939 மே மாதம் வெளியிட்டார். நெடுங்கரை சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், அவர் மகள் சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்தனர். புயல்மழையில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காக சாஸ்திரி ஊரால் விலக்கப்படுகிறார்; கல்கத்தாவில் மேல்நாட்டு மோகத்தில் வாழும் ஸ்ரீதரனிடம் சாவித்திரி அவமானப்பட்டு, கருவுற்ற நிலையில் திருப்பி அனுப்பப்படுகிறாள். பெற்ற குழந்தையைத் தந்தையருகே விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போனவள், அத்தையின் சொத்துக்கு வாரிசாகி, உமாராணி என்ற பெயரில் சென்னைக்குத் திரும்புகிறாள். பணம் வந்ததும் கணவனும் வருகிறான். தாம்பத்திய உரிமை கோரி வழக்குத் தொடுக்கிறான்.

அந்த நீதிமன்றக் காட்சியில் உமாராணி, கணவனோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்கிறாள். திரையரங்கில் எழுந்த சலசலப்பைக் கற்பனை செய்ய முடிகிறது. ருக்மாபாய் வழக்கில் கணவன் 2,000 ரூபாய் பெற்று விலகியது திரைக்கு வெளியே நடந்த உடன்பாடு. இங்கே அதைப் பெண்ணே முன்வந்து, நீதிபதியின் முன்னால், ஏளனத்தோடு சொல்கிறாள். சொத்துள்ளவளாக அவளைப் படைத்ததிலும் கல்கியின் கணக்கு இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சேர்ந்து வாழ மறுக்கும் மனைவியிடமிருந்து நீதிமன்றம் பறிக்கக்கூடியது அவளுடைய சொத்தை மட்டுமே. கையில் ஒன்றுமில்லாத சாவித்திரியின்மேல் ஸ்ரீதரன் வழக்குத் தொடுத்திருக்கவே மாட்டான்.

ஆனால் ஸ்ரீதரன் உயிரோடிருக்கிறான். ‘குங்கூ’வின் கதவு இங்கே மூடியிருக்கிறது. செல்வச்சீமாட்டியான உமாராணி தொண்டு இல்லத்தில் ஒதுங்குவதும் பொருந்தாது. கல்கியும் சுப்பிரமணியமும் புதிதாக ஒரு வாசலைக் கண்டுபிடித்தார்கள். அவள் தேச விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து கைதாகிறாள். மனம் திருந்திய கணவனும் அவ்வழியே வந்து சேர்கிறான். கணவன் வீட்டுக்குப் போகாமல் சிறைக்குப் போகிறேன் என்று ருக்மாபாய் சொன்னபோது அது சமூகத் துரோகமாகப் பேசப்பட்டது. 1939இல் சிறை புனிதமாகியிருந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சிறைசென்ற பிறகு, மணவீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு மரியாதையான ஓர் இருப்பிடம் சிறைச்சாலையாக இருந்தது. ஒருவகையில் இது தப்பித்தல்தான்: கணவனோடு அவள் வாழ வேண்டுமா என்ற கேள்வி விடை பெறாமலேயே, தேசம் என்ற பெரிய கேள்விக்குள் கரைந்துபோகிறது. இருவரும் ஒரே இயக்கத்தில் சேர்ந்துவிட்டதால், பிரிந்தவர்கள் கூடிவிட்டார்கள் என்ற நிறைவோடு பார்வையாளர் வீடு திரும்பலாம். ராஜாஜி அமைச்சரவை பதவியிலிருந்ததால் தணிக்கை தளர்ந்திருந்த நாளில் வெளிவந்த படம், அமைச்சரவை விலகிய பிறகு 1940இல் தடைசெய்யப்பட்டது. தடைக்குக் காரணம் அதன் காங்கிரஸ் சார்பு. கணவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகச் சொன்ன மனைவி பிரிட்டிஷ் அரசின் கவலைக்கு உரியவளாக இல்லை.

பம்பாய் மாகாணம் 1947இலும் சென்னை மாகாணம் 1949இலும் இந்துக்களுக்கு விவாகரத்தைச் சட்டமாக்கின. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்து, ஆணின் இருதார மணத்தையும் தடைசெய்தது. காகாசாகேப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த கதாபாத்திரமாக இருந்திருந்தால் நீராவை விடுவிக்க அவர் சாகவேண்டியிருந்திருக்காது. ஆனால் ஸ்ரீதரனின் வழக்கு அப்படிக் காலாவதியாகவில்லை. அதே தாம்பத்திய உரிமை மீட்பு புதிய சட்டத்தின் 9ஆம் பிரிவாக இடம்பெற்றது. ஒரு திரைப்பட நடிகையை அவருடைய கணவர் இப்பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்கு இழுத்த வழக்கில், 1983இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம், அது பெண்ணின் அந்தரங்கத்தையும் உடல்மீதான உரிமையையும் மீறுகிறது என்று கூறி அரசமைப்புக்கு முரணானதாக அறிவித்தது. மறு ஆண்டு வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்தை ஏற்க மறுத்து, மணமுறிவைத் தடுக்க உதவும் சமூக நோக்கம் அப்பிரிவுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 9ஆம் பிரிவு சட்டப்புத்தகத்தில் தொடர்ந்து இருந்துவருகிறது.